மூன்று மணி நடுக்கம்

ரெஸ் ஷில்ட் முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றுவார். அடுத்தது கல்யாண மோதிரம். முப்பது வருடத்தில் விரல் பருத்துவிட்டதால் அது சுலபத்தில் வராது. எச்சில் தொட்டுத் திருகித்தான் எடுக்க வேண்டும். இரண்டையும் ஒரு காலி மிட்டாய் டப்பாவில் போட்டு மூடுவார். பிறகு உள்ளங்கைகளைக் கான்கிரீட் சுவரில் பதித்து, போலீஸ் சோதனை போட நிறுத்திவைத்த ஆள் மாதிரி, முப்பது எண்ணும்வரை நிற்பார். கை குளிர்ந்தால் நிதானப்படும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. கடைசியாக, ஆணியில் தொங்கும் சிவப்புக் காதுமூடியை எடுத்து இரண்டு காதையும் அடைத்துக்கொள்வார்.

இதெல்லாம் சத்தமே இல்லாத ஓர் இடத்தில். ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டேகால் மணிக்கு ஸ்டைன்மட் கிராமத்தில் மாடுகள்கூடக் கழுத்து மணியை யோசித்துத்தான் ஆட்டும். அவர் இருப்பதோ வீட்டின் அடித்தளத்தில், போர் வந்தால் ஒளிந்துகொள்ள அரசாங்கம் கட்டச் சொன்ன பதுங்கறையில். அதற்கு ஒரு சாண் தடிமனில் கான்கிரீட் கதவு. போர் வரவில்லை. அதனால் நான்கு குடித்தனத்துப் பனிச்சறுக்குக் கட்டைகளும் ஜாம் பாட்டில்களும் அங்கே பத்திரமாக இருந்தன. ஒரு மூலையில் ரெஸ்ஸின் மேசை. காற்று அசைந்தால் வேலை கெடும் என்று கதவை இழுத்துச் சாத்தி, நெம்புகோலையும் திருப்பிவிடுவார்.

"முப்பது வருஷம் காதுகிட்ட வெடிச்சப்ப பஞ்சுகூட வெக்கல. இப்ப கல்லறை மாதிரி இருக்கற எடத்துல போய் காத மூடிக்கிட்டு உக்கார்றே," என்பாள் அவர் மனைவி லிஸ்பெத்.

"அப்ப உள்ள போன சத்தமெல்லாம் இன்னும் உள்ளதான் இருக்கு லிஸ்பெத். வெளிய வந்துடாம இருக்கத்தான் மூடறேன்."

அவர் அங்கே செய்தது தோட்டா. இதில் ஒளிவுமறைவு ஒன்றும் கிடையாது. எங்கள் பள்ளத்தாக்கில் வீட்டுக்கு வீடு அலமாரிக்குப் பின்னால் ஒரு ராணுவ ரைஃபிள் குடை மாதிரி சாய்ந்து நிற்கும். ரெஸ்ஸிடம் இருந்தது 1931ஆம் வருடத்து மாதிரி. அவர் அப்பா எல்லைக் காவலுக்குத் தூக்கிப் போய், எதிரியைப் பார்த்து ஒரு தடவைகூடச் சுடாமல், எண்ணெய் போட்டுத் திரும்பக் கொண்டுவந்தது. அதற்கான தோட்டாவை ராணுவம் செய்வதை நிறுத்திப் பல காலம் ஆகிறது. மிச்சமிருக்கும் பழைய சரக்கை வாங்கிச் சுடலாம். அல்லது, சுட்டு முடித்த பித்தளை உறைகளைப் பொறுக்கி வந்து, கழுவி, பழைய அளவுக்கு அமுக்கி, அடியில் தீப்பொறி தரும் புதுப் பொட்டு வைத்து, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, மேலே குண்டைச் செருகித் தானே செய்துகொள்ளலாம். சொல்லும்போது ஒரே மூச்சில் முடிந்துவிடுகிறது. ரெஸ்ஸுக்கு ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்தால் இருபது தோட்டா.

நேரமெல்லாம் மருந்தில்தான் போகும். சின்னத் தராசு, அதன் முள் கோட்டில் நிற்க வேண்டும். பீர் டம்ளருக்கு அடியில் வைக்கும் அட்டையின் மூலையில் கொஞ்சம் மருந்தை ஏந்தி, ஆள்காட்டி விரலால் அட்டையைத் தட்டுவார். ஒரு தட்டுக்கு ஒரு துகள். கடைசித் துகள் விழுந்ததும் மூச்சை அடக்கிக்கொண்டு முள்ளைப் பார்ப்பார். முப்பத்திரண்டு வருடமாக மலைப்பாதையில் மஞ்சள் தபால் பேருந்து ஓட்டுகிறவர், நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு பதினேழு கொண்டை ஊசி வளைவை ஒரு கையால் திருப்புகிறவர், ஒரு துகளுக்கு மூச்சை அடக்குவார். இந்தக் கவனத்தில் பாதி சுடும்போது இருந்திருந்தால் தோட்டாவே செய்ய வேண்டியிருந்திருக்காது என்று அவரே சொல்லிக்கொள்வார்.

எல்லாம் போன இலையுதிர்காலத்து வினை. செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை பள்ளத்தாக்கின் பழைய துப்பாக்கிப் போட்டி நடக்கும். முந்நூறு மீட்டர், பத்துக் குண்டு, ஒன்றுக்கு அதிகபட்சம் ஐந்து புள்ளி. நாற்பத்து மூன்று எடுத்தால் மாலை. மாலை என்றால் பூமாலை இல்லை. இலை வளைத்த ஒரு சின்னத் தகரப் பதக்கம், கட்டைவிரல் நகத்துக்குச் சற்றுப் பெரிது, தொப்பியில் குத்திக்கொள்ளலாம். துப்பாக்கிச் சங்கத் தலைவர் கேர்லியின் தொப்பியில் பத்தொன்பது இருந்தது. ரெஸ்ஸின் தொப்பியில் மழைக்கறை இருந்தது.

அன்று ஒன்பது குண்டில் நாற்பத்திரண்டு எடுத்திருந்தார். அவர் வாழ்நாளில் இல்லாத சாதனை. பத்தாவது குண்டு இலக்குப் பலகையில் எங்கே பட்டாலும் போதும். ஓரத்தில் பட்டால்கூட ஒரு புள்ளி. சுட்டார். பலகைக்குக் கீழே பள்ளத்தில் உட்கார்ந்து புள்ளி காட்டுகிற ஆள் கொஞ்ச நேரம் ஒன்றும் காட்டவில்லை. நல்ல மனசோடு தேடியிருக்க வேண்டும். பிறகு சிவப்புக் கொடி மேலே வந்து, ரயிலில் போகிறவரை வழியனுப்புவது போல, இடமும் வலமும் நிதானமாக அசைந்தது. குண்டு பலகையிலேயே படவில்லை.

"என்னடா ரெஸ், பத்தாவத எங்க அனுப்பின?" சங்கக் குடிசையில் தொத்திறைச்சி வாட்டிக்கொண்டே கேட்டார் க்ரிகெல் கேர்லி. பாலாடைக்கட்டிக்காரர். ஆளும் ஒரு முழுக் கட்டி மாதிரிதான் இருப்பார்.

"தோட்டா சரியில்ல. பழைய சரக்கு."

"ஒம்பது நல்லாருந்துச்சு, பத்தாவதுக்கு மட்டும் வயசாயிடுச்சா?"

"ஏன், உன் கடையில பத்துல ஒண்ணு கெட்டுப்போறதில்லயா?"

"என்னுது கெட்டா நாறும், தெரிஞ்சிடும். நீ ஒண்ணு பண்ணு. நீயே செஞ்சு நீயே சுடு. அப்புறம் தோட்டா மேல பழி போட முடியாது பாரு."

குடிசையே சிரித்தது. ரெஸ்ஸும் சிரித்தார். அடுத்த வாரம் அமுக்கும் கருவியும் தராசும் தடிப் புத்தகம் ஒன்றும் வாங்கிவிட்டார். கேலியாகச் சொன்னதை உத்தரவாக எடுத்துக்கொள்வது அவர் சுபாவம். காதலிக்கிற காலத்தில் லிஸ்பெத் ஒருநாள் சலித்துப்போய், "நீ பேசற வேகத்துக்கு பஸ்தான் ஓட்டணும்" என்றாள். மறுநாளே விண்ணப்பம் போட்டார்.

ஜனவரியில் வேலை தொடங்கியது. முதலில் அழுக்குப் பித்தளை உறைகளை ஒரு காலுறையில் கட்டி, வீட்டுப் பொதுச் சலவை இயந்திரத்தில் போட்டார். காலுறையில் ஓட்டை இருந்தது. மறுநாள் மேல்மாடி அபெக்லன் வாத்தியார், ஓய்வுபெற்றவர், கதவைத் தட்டினார். இரண்டு விரலில் ஒரு பித்தளை உறை.

"ஷில்ட், இது என் மனைவியோட தலையணை உறைக்குள்ள இருந்துச்சு. உங்களோடதா இருக்கலாம்னு நெனைக்கறேன்."

"சட்டைப் பையில மறந்திருப்பேன் வாத்தியாரே."

"பதினோரு சட்டையிலயும் மறந்திருக்கீங்க. மிச்சம் பத்து வடிகட்டியில இருக்கு. தயவுசெஞ்சு பிரிவு ஏழ ஒரு தடவ படிங்க."

சலவை அறைக் கதவில் வாத்தியார் எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டிய விதிகள் பதினொன்று. எந்தக் குடித்தனத்துக்கு எந்தக் கிழமை, வடிகட்டியை யார் துடைப்பது, எத்தனை மணிக்குமேல் இயந்திரம் ஓடக்கூடாது. மூன்றாம் பிரிவு மிகச் சின்னது: ஞாயிறும் பண்டிகை நாளும் சலவை இல்லை. 'இல்லை'க்கு அடியில் இரண்டு கோடு. நாற்பது வருடம் பிள்ளைகளின் கட்டுரை நோட்டில் போட்ட அதே சிவப்புக் கோடு.

ரெஸ் முதலில் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை தராசோடு உட்கார்ந்து பார்த்தார். பக்கத்து அறையில் யாருடைய துணியோ பிழிபடத் தொடங்கியதும் தராசு முள் வெட்டுக்கிளி மாதிரி குதித்தது. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் லிஸ்பெத் சிரிப்பாள். வாத்தியார் பன்னிரண்டாம் பிரிவு எழுதுவார். சத்தமில்லாமல் ஞாயிற்றுக்கு மாறிக்கொண்டார். அந்த நாளில் எங்கள் ஊரில் புல்கூட யாரும் வெட்டுவதில்லை.

மார்ச் மாதம் இரண்டாவது ஞாயிறு. எட்டாவது தோட்டாவுக்குக் கடைசித் துகளைத் தட்டிவிட்டு மூச்சடக்கிப் பார்த்தார். முள் நடுங்கியது.

வெட்டுக்கிளித் துள்ளல் இல்லை. குளிரில் உதடு நடுங்குமே, அப்படி ஒரு மெல்லிய நடுக்கம். கையை மேசையிலிருந்து எடுத்தார், நடுங்கியது. நாற்காலியைப் பின்னால் தள்ளினார், நடுங்கியது. காலை ஊன்றியபோது உள்ளங்காலிலிருந்து முழங்கால்வரை ஏதோ மெதுவாக ஏறி வந்தது. நெஞ்சில் கைவைத்தார். அங்கே நிஜமாகவே அடித்துக்கொண்டது. காதுமூடியைக் கழற்றிப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. நடுக்கத்தை யார் காதால் தேடுவார்கள்? டப்பாவைத் திறந்து கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று மணி. நாலு மணிக்குள் நின்றுவிட்டது. அடுத்த ஞாயிறும் மூன்று மணிக்கு வந்தது. அதற்கடுத்த ஞாயிறும்.

அவர் அப்பாவுக்கும் கடைசிக் காலத்தில் கை ஆடியது. சூப்புக் கரண்டி வாய்க்குப் போவதற்குள் பாதி சட்டையில் இருக்கும். குடும்பத்தில் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. கரண்டியை மட்டும் பெரிதாக்கினார்கள். அதுதான் இப்போது தன்னிடம் வந்து, எங்கள் ஊர் விருந்தாளிகளைப் போல நேரம் முன்கூட்டிச் சொல்லி, ஞாயிறு மூன்று மணிக்கு ஆஜராகிறது என்று ரெஸ் முடிவு கட்டினார். காரணம் மதியச் சாப்பாட்டுக்குப் பின் குடிக்கும் காப்பியாக இருக்கலாம் என்று ஒரு நம்பிக்கை வைத்தார்.

"காப்பி வேணாம்," என்றார்.

லிஸ்பெத் கெட்டிலைக் கையில் பிடித்தபடி திரும்பினாள். "என்ன ஆச்சு? யார் செத்தா?"

"சும்மா. லிண்டன் பூ டீ போடு."

"உங்க அம்மா சாகப்போற வாரம்தான் லிண்டன் டீ கேட்டாங்க."

"அப்ப ருசி நல்லாருந்திருக்கும்."

காப்பியை நிறுத்தினார். பிறகு பிளம் சாராயத்தை நிறுத்தினார். ஊராட்சிச் செய்திகள் வரும் பத்திரிகையைக்கூட ஞாயிறு காலையில் படிப்பதை நிறுத்தினார். மூன்று மணி நடுக்கம் எதையும் சட்டை செய்யவில்லை. கடைசியில் மூன்று மணிக்கு முன் செய்த தோட்டாக்களைப் பச்சை மூடிப் பெட்டியிலும், பின் செய்தவற்றைச் சிவப்பு மூடிப் பெட்டியிலும் போட ஆரம்பித்தார். பச்சையில் இருப்பவை ஆரோக்கியமான ரெஸ் செய்தவை. சிவப்பு, கிழவன் செய்தவை.

நாலரைக்கு மேலே வருவார். லிஸ்பெத் சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டியிருப்பாள். ஓரம் ஈரமாக இருக்கும். "பாத்திரம்" என்பாள். எத்தனை பாத்திரம் என்று அவர் கேட்டதில்லை. அவருக்கு அவருடைய கவலை.

கவலை துப்பாக்கியைப் பற்றியது மட்டும் என்றால் பரவாயில்லை. ஜூன் மாதம் பேருந்து ஓட்டுநர்களுக்கான மருத்துவப் பரிசோதனை வந்தது. டாக்டரம்மா கையை நீட்டச் சொன்னார். நீட்டினார். பலகை மாதிரி நின்றது.

"கண்ண மூடிக்கிட்டு மூக்கத் தொடுங்க. ம். அருமை. வேற ஏதாவது தொந்தரவு?"

அன்று புதன்கிழமை, காலை ஒன்பது மணி. ஞாயிறு மூன்று மணிக்கு வந்து பாருங்கள் என்று நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் பேருந்து போய்விடும்.

"காது கொஞ்சம் மந்தம்," என்றார்.

"அது போன தடவயே எழுதியாச்சு."

சான்றிதழைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தபோது ஒரு திருடனின் நிம்மதி இருந்தது. மறுநாள் பன்னிரண்டாவது வளைவில், முன்சக்கரத்துக்குக் கீழே இருநூறு மீட்டர் வெறும் காற்றாக இருக்கிற இடத்தில், எதிரே வருபவர்களை எச்சரிக்கும் மூன்று சுரக் கொம்பை ஊதித் திருப்பியபோது அந்த நிம்மதி போய்விட்டது. பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாடிக்கொண்டு வந்தார்கள். இன்று வியாழன், என்று ஸ்டீயரிங்கிடம் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை முறை வந்தால் வேறு ஆளோடு மாற்றிக்கொள்ள ஆரம்பித்தார். ஆனால் நடுக்கம் கிழமை பார்த்தே வரும் என்று யார் கையெழுத்துப் போட்டுத் தந்தார்கள்?

ஜூலையில் ஒரு மாலை, பால்கனியில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த லிஸ்பெத்திடம் பாதியைச் சொன்னார்.

"என் கை நடுங்குது லிஸ்பெத்."

அவள் கத்தியை வைத்துவிட்டு அவர் கையைத் தன் முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். "எங்க?"

"இப்ப இல்ல."

"பின்ன எப்ப? நேரம் குறிச்சு வெச்சிருக்கியா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஞாயிறு, மூன்று மணி, தராசு முள் என்று மூன்றே விஷயம். ஆனால் மனைவியிடம் போய்த் தன் உடல்நிலையைத் தராசு முள் வைத்துக் கண்டுபிடித்ததாகச் சொல்ல ஒருவித தைரியம் வேண்டும். அவரிடம் அது இல்லை.

"அப்பப்ப," என்றார்.

"அப்பாவ நெனைச்சு பயந்துக்காத."

"பயமெல்லாம் இல்ல. ஒரு கணக்கு வெச்சிருக்கேன். செப்டம்பர்ல நாப்பத்து மூணு எடுத்தேன்னா கை நல்லாருக்குன்னு அர்த்தம். எடுக்கலன்னா மலைப்பாதைய நானே திருப்பிக் குடுத்துடுவேன். கீழ ஆஸ்பத்திரி ரூட்டு ஓட்டறேன். அங்க விழறதுக்குப் பள்ளம் கெடையாது."

"ஒரு தகரத்துக்காகவா பஸ்ஸ குடுப்பே?"

"தகரத்துக்காக இல்ல. பின்னால உக்காந்து பாடற பிள்ளைங்களுக்காக."

லிஸ்பெத் அடுத்த உருளைக்கிழங்கைத் தேவைக்கு மேல் தடிமனாக உரித்தாள்.

செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை நல்ல வெயில். ரெஸ் பச்சைப் பெட்டியோடு போனார். பழக்கதோஷத்தில் சிவப்பையும் பையில் போட்டிருந்தார். பக்கத்துப் பாயில் படுத்துச் சுட வேண்டியவள் ரெகுலா, கால்நடை மருத்துவரிடம் வேலை பார்க்கிறவள், முதல் வருடப் போட்டி. வந்ததும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"தோட்டாவ வீட்டு மேசையிலயே வெச்சுட்டு வந்துட்டேன் ரெஸ். அம்மா சத்தியமா மேசையிலதான் இருக்கு."

"என்கிட்ட இருக்கு. ஆனா அவ்வளவு ஒசத்தி இல்ல. கொஞ்சம் ஆட்டம் கண்ட சரக்கு."

"வெடிக்குமில்ல?"

"வெடிக்கும்."

"அது போதும், குடு."

சிவப்புப் பெட்டியைக் கொடுத்தார்.

முதல் ஒன்பது குண்டு நாற்பது. மூன்று புள்ளி வேண்டும். பத்தாவதுக்கு முன் அவர் செய்யக்கூடாத ஒன்றைச் செய்தார். இலக்கைப் பார்க்காமல் விசையில் இருந்த தன் விரலைப் பார்த்தார். ஆடுகிறதா? ஆடவில்லை. இன்னும் கொஞ்சம் பார்த்தார். ஒரு விரலை அவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தால் யாருடைய விரலும் வெட்கப்பட்டு நெளியும். நெளிந்தது. வெடித்தது.

பள்ளத்திலிருந்து புள்ளி காட்டும் தட்டு மேலே வந்தது. இரண்டு.

ஒரு குளிர்காலம், ஒரு வசந்தம், ஒரு கோடை. காப்பி இல்லை, சாராயம் இல்லை. துகள் துகளாக எடை போட்டது. கடைசியில் கிடைத்தது போன வருடத்து அதே நாற்பத்திரண்டு. இந்த வருடம் அதைக் கொஞ்சம் சீராகப் பங்கிட்டிருந்தார், அவ்வளவுதான்.

ரெகுலாவுக்கு நாற்பத்தேழு. பள்ளத்தாக்கிலேயே அன்று அதுதான் முதல்.

"ரெஸ், உன் தோட்டா தேன்!" என்று அவர் முதுகில் அறைந்தாள்.

"சின்ன வயசுக் கை எந்தத் தோட்டாவையும் காப்பாத்திடும்," என்றார் ரெஸ். அதை உண்மையிலேயே நம்பினார். நாற்பத்தேழையும் சிவப்புப் பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் வேறொரு விடை கிடைத்திருக்கும். சோகமாக இருக்க முடிவு செய்துவிட்ட மனிதருக்கு அந்த நேரத்தில் கூட்டல் கழித்தல் வராது.

கேர்லி மட்டும் வழக்கத்துக்கு மாறாக மெதுவாகக் கேட்டார்: "இந்த வருஷம் யார் மேலடா பழி? தோட்டா உன்னுதாச்சே."

"அதான். ஆள கண்டுபிடிச்சிட்டேன்."

திங்கட்கிழமை பணிமனைத் தலைவரிடம் போனார். மலைப்பாதை வேண்டாம், வயதாகிறது, கை முன்போல் இல்லை என்றார். தலைவர் சான்றிதழைப் புரட்டிப் பார்த்தார், இவரைப் பார்த்தார். சான்றிதழ் நல்லபடி இருக்கும்போது ஆள் தானாக வந்து சரணடைவது அவர் அனுபவத்தில் இல்லை. அக்டோபரிலிருந்து ரெஸ் கீழே ரயில் நிலையத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் இடையே ஓட்டினார். ஒன்பது நிறுத்தம், ஒரு ரவுண்டானா. கொம்பு ஊத இடமே கிடையாது. கூட வேலை செய்தவர்கள் மலைப்பாதை நினைவாக ஒரு பொம்மைப் பேருந்து கொடுத்தார்கள். அதன் ஸ்டீயரிங் உடைந்திருந்தது. பொருத்தம்தான் என்று தொலைக்காட்சிப் பெட்டி மேல் வைத்தார். ரைஃபிளை எண்ணெய் போட்டு அலமாரிக்குப் பின்னால் சாய்த்தார். பதுங்கறைக்குப் போவதையும் விட்டார்.

நவம்பர் நடுவில் ஒருநாள், ரயில் நிலையத்தில் அபெக்லன் வாத்தியார் ஏறினார். கையில் துணிப்பை. அவர் மனைவி டோரிக்கு மூட்டுவலி, அதனால் வெளியே வருவதில்லை என்றுதான் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அக்டோபரில் அவளை ஆஸ்பத்திரிக்கு அடுத்த முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டதாகப் பேச்சு. மறுநாளும் ஏறினார். அதற்கடுத்த நாளும். ஒரு மழைநாளில் வண்டியில் வேறு யாரும் இல்லை. வாத்தியார் எழுந்து வந்து ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். ஓடும்போது ஓட்டுநரிடம் பேசாதீர்கள் என்ற பலகை அவர் தலைக்கு நேர்மேலே இருந்தது. விதிகள் எழுதிய மனிதர் அதைப் படித்துவிட்டுத்தான் பேசினார்.

"ஷில்ட், உங்ககிட்ட ஒரு மன்னிப்பு கேக்கணும்."

"அந்தப் பித்தளை விஷயம்னா நான்தான் வாத்தியாரே கேக்கணும்."

"அது இல்ல. மூணாம் பிரிவு. நானே எழுதினது. நானே மீறிட்டேன். டோரிக்கு மூட்டுவலி மட்டும் இல்ல. மார்ச்லேருந்து அவளால அடக்கிக்க முடியல. தினம் ராத்திரி விரிப்பெல்லாம்... மத்த நாள்ல ஏதாவது சொல்லி சமாளிச்சேன். ஞாயித்துக்கிழமைக்கு என்ன சொல்றது? அவளுக்கு யாருக்கும் தெரியக்கூடாது. அவ்வளவு சுத்தக்காரி."

துடைப்பான் கண்ணாடியில் போய் வந்தது.

"நீங்க அந்தக் கதவ சாத்தற சத்தம் கேட்டப்புறம்தான் கீழ எறங்குவேன். நீங்க காதுல மாட்டிக்கிட்டு இருப்பீங்கன்னு தெரியும். இருந்தாலும் மூணு மணிக்கு மெஷின் பிழிய ஆரம்பிச்சா எனக்கு நெஞ்சு அடிச்சுக்கும். உங்களுக்கு ஏதாவது தொந்தரவா இருந்துச்சா?"

ஸ்டீயரிங் மேல் இருந்த தன் இரண்டு கைகளையும் ரெஸ் பார்த்தார். மோதிரமும் கடிகாரமுமாக, பலகை மாதிரி, அசையாமல் இருந்தன. ஆறு மாதம் லிண்டன் டீ குடித்த கைகள்.

"இல்ல வாத்தியாரே," என்றார். "நான் ஒண்ணையும் கவனிக்கல."

சொல்லிவிட்டு அடுத்த நிறுத்தத்தில் நிறுத்தாமல் போய்விட்டார். குடையோடு நின்ற ஓர் அம்மாள் வண்டியைத் துரத்திக் கையாட்டினாள், இடமும் வலமுமாக.

அன்று சாயங்காலம் சலவை அறைக்குப் போய், சம்பவம் நடந்த இடத்தைப் போலீஸ்காரர் பார்ப்பது போல, இயந்திரத்தின் பின்னால் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார். நிமிடத்துக்கு ஆயிரத்து நானூறு சுற்று. பிறகு பணிமனைத் தலைவருக்குத் தொலைபேசினார்.

"கை ஆடுதுன்னு சொன்னீங்களே ஷில்ட்?"

"நின்னுடுச்சு."

"எப்படி?"

வாத்தியாரின் விரிப்புகளை அவர் யாருக்கும் சொல்வதாக இல்லை. "காப்பிய மறுபடி ஆரம்பிச்சேன்," என்றார்.

டாக்டரிடம் இன்னொரு தடவை காட்டிவிட்டு வந்தால், மே மாதம் பனி வெட்டிப் பாதை திறக்கும்போது பார்க்கலாம் என்றார் தலைவர். டாக்டரம்மா மூக்கைத் தொடச் சொன்னார், ரெஸ் தொட்டார்.

லிஸ்பெத்திடமும் அவர் மூச்சு விடவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க ஒரு மானஸ்தனின் ரகசியத்தைக் காப்பாற்றும் பெருமையோடு நடந்தார். காப்பி ஏன் திரும்பியது என்று அவள் கேட்டதற்கு, "டாக்டர் சொன்னாங்க" என்றார். அவள் ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஊற்றினாள்.

டோரி ஏப்ரலில் இறந்தாள். அடக்கம் முடிந்து, உணவகத்தில் எல்லோரும் ஹாமும் உருளைக்கிழங்குக் கறியும் சாப்பிட்டு எழுந்தபோது, வாத்தியார் நேராக லிஸ்பெத்திடம் வந்து அவள் கைகளைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அப்போதுதான் ரெஸ்ஸுக்கு அந்த ஈரச் சட்டைக் கை ஞாபகம் வந்து, எல்லாம் தெரிந்தது. இரட்டைக் கட்டில் விரிப்பை ஒற்றை ஆளால் சுருக்கமில்லாமல் மடிக்க முடியாது. மார்ச்சிலிருந்து செப்டம்பர்வரை ஒவ்வொரு ஞாயிறும், கான்கிரீட் கதவுக்கு அந்தப் பக்கம், சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு விரிப்பின் மறுமுனையைப் பிடித்து நின்றது லிஸ்பெத்.